பேச வேண்டிய ஆள் பேச மாட்டேங்கான்: கதைக்காக ஆடுகிறவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

பால்டர்ஸ் கேட் 3, நாமே ஒரு ஆளைக் கட்டிக் கதைக்குள் ஓட்டும் கணினி ஆட்டம், வெளியானது 2023 ஆகஸ்டில். அதற்குப் பிறகு, எந்த கிளாஸ் (ஆளின் தொழில் வகை) எடுத்தால் ஒரே சுற்றில் எவ்வளவு அடி போடலாம் என்று சொல்லும் வழிகாட்டிகள் மலிந்துவிட்டன. கதைக்காக ஆடுகிறவனுக்கு அவற்றால் பெரிய பிரயோஜனம் இல்லை. அவன் சிக்கல் வேறு. எதிரி சாகிறான், லெவல் ஏறுகிறது, ஆனால் திரையில் நிற்கும் ஆள் யாரென்றே அவனுக்குத் தெரியவில்லை.

பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் தென்காசிப் பக்கமும் இந்த ஆட்டத்தை ஆடும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் என்னிடம் கொண்டுவரும் புகார்களை, அவர்கள் சொன்ன சொல்லிலேயே கீழே தலைப்பாக வைத்திருக்கிறேன். உங்கள் புகார் எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படியுங்கள். முதல் இரண்டை மட்டும் எல்லோரும் படித்துவிடுவது நல்லது. மற்ற பிழைகளில் பாதி அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

"கொஞ்ச நேரம் ஆடுனதும் சலிச்சுப் போகுதுண்ணே, புதுசா ஒரு ஆளைத் தொடங்கிருதேன்"

காரணம் ஒன்றுதான். ஆள் முதல் திரையிலேயே முடிந்துபோனான். முகம், முடி, கன்னத்துத் தழும்பு எல்லாவற்றையும் உட்கார்ந்து செதுக்கியாச்சு. பக்கம் பக்கமாகப் பூர்வ கதையும் எழுதியாச்சு: குடும்பம் அழிந்தது, குரு கிடைத்தார், பழி தீர்ந்தது. எல்லாமே நடந்து முடிந்த சங்கதி. ஆட்டம் தொடங்கும்போது அவன் செய்வதற்கென்று ஒன்றும் மிச்சமில்லை.

பூர்வ கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு மூன்றே வரி எழுதுங்கள். அவனுக்கு என்ன வேண்டும்? யாருக்குக் கடன்பட்டிருக்கிறான்? எது அவனால் முடியவே முடியாது? மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும்.

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போனவர்களுக்குப் பட்டவராயன் சன்னதி தெரியும். அங்கே காணிக்கை, செருப்பு. கட்டித் தொங்கவிட்ட புதுச் செருப்புகள் நாளடைவில் யாரோ போட்டு நடந்த மாதிரி தேய்ந்திருக்கும் என்று நம்புகிறார்கள். வில்லுப்பாட்டில் பாடப்படும் அவர் கதை இது. பிராமணக் குடும்பத்தில் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சகோதரிகளை மணக்க ஆசைப்படுகிறான். அவர்கள் தோல் வேலை செய்யும் சமூகத்துப் பெண்கள். தகப்பன் வாலப்பகடை லேசில் சம்மதிக்கவில்லை. பூணூலை அறு என்கிறார், செருப்புத் தைத்துக் காட்டு என்கிறார். பட்டன் இரண்டையும் செய்கிறான். பிறகு மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய், திருடர்களோடு சண்டையிட்டுச் சாகிறான்.

கேரக்டர் கட்டுகிறவர்கள் இந்தக் கதையில் பார்க்க வேண்டிய இடம் பூணூல் அறுபடும் இடம்தான். ஆசை ஒன்று இருக்கிறது, அதற்கு ஒரு விலை இருக்கிறது, விலையைக் கொடுத்த பிறகு பழைய வீட்டுக்குத் திரும்ப வழியில்லை. கடைசிச் சண்டை நம் நெஞ்சைப் பிடிப்பது அதனால்தான். உங்கள் ஆளும் ஆட்டத்துக்குள் எங்கோ ஓரிடத்தில் அப்படி ஒன்றை அறுக்க வேண்டும். அதற்குத் தோதாக ஏதாவது ஒன்றை அவன் கழுத்தில் முதலிலேயே போட்டு அனுப்புங்கள்.

உதாரணத்துக்கு, நான் இப்போது ஆடும் ஆள் ஒரு பக்கப்பாட்டுக்காரன். வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டி ஒரு வரி சொல்ல, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார் இல்லையா, அவர். ஆட்டத்து உலகத்தில் வில் இல்லை, குடம் இல்லை. பார்ட் என்ற பாணர் கிளாஸ் உண்டு, கூத்தாடிகளுக்கான என்டர்டெய்னர் பேக்ரவுண்டு (ஆளின் முந்தைய பிழைப்பு) உண்டு. அது போதும். அவனுக்கு வேண்டியது, ஒரு கதையைத் தொடக்கம் முதல் முடிவு வரை தன் வாயால் சொல்வது. கடன், சோறு போட்டு வளர்த்த புலவருக்கு. முடியாதது, பெரியவர்கள் முகத்துக்கு நேரே "மாட்டேன்" என்று சொல்வது. ஆயுசெல்லாம் ஆமா போட்டே பழகியவன்.

"எந்த இடத்திலயும் ஒரே மாதிரி நல்ல பதிலைத்தான் அமுக்குதேன்"

இதற்கு இரண்டு மூலம் உண்டு. ஒன்று, நீங்கள் பதில்களைப் படித்துவிட்டு எதில் லாபம் அதிகம் என்று பார்க்கிறீர்கள். பதில்களைப் படிக்கும் முன்பே, எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும், என் ஆள் இப்போது என்ன சொல்வான் என்று யோசியுங்கள். முடிந்தால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தமிழிலேயே. அப்புறம் திரையில் அதற்குக் கிட்டத்தில் இருப்பதை அமுக்குங்கள். பக்கப்பாட்டுக்காரனை வைத்து இப்படி ஆடும்போது, விவரம் கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது அவன் வழக்கமாகிவிட்டது. கதை அங்கேதான் கிளம்புகிறது.

இன்னொன்று, திரை ஓரத்தில் வரும் அறிவிப்பு: இன்னாருக்குப் பிடித்தது, இன்னாருக்குப் பிடிக்கவில்லை. அதைத் துரத்த ஆரம்பித்தால் உங்கள் ஆளுக்குச் சொந்த முகம் இருக்காது. கூட வரும் துணை ஆட்களில் கார்லாக்குக்கு அடுத்தவருக்கு உதவினால் சந்தோஷம். அஸ்டேரியனுக்கு அதே செயல் எரிச்சல். இரண்டு பேரையும் ஒரே பதிலில் குளிர வைக்க முடியாது. ஒருத்தர் கோபித்துக்கொள்ளட்டும். கூட வருகிறவர்களில் யாரோடு உரசல் என்பதும் உங்கள் ஆளைப் பற்றிய செய்திதான்.

பதிலுக்கு முன்னால் கிளாஸ் பெயரோ இனத்தின் பெயரோ போட்டு வருவதெல்லாம் எப்போதும் சிறந்த பதில் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆள் வாயில் வரக்கூடியது, அவ்வளவுதான்.

"பேச்சுன்னு போனாலே டைஸ் கவுத்துருது"

பேசிச் சாதிக்க வேண்டிய இடங்களில் ஆட்டம் டைஸ் உருட்டி, அதோடு ஆளின் திறமை எண்ணைக் கூட்டிப் பார்க்கும். ஆகவே இது பெரும்பாலும் எண்ணில் இருக்கும் பிழை. காகிதத்தில் நாவன்மை மிக்கவன் என்று எழுதிவிட்டு, கேரக்டர் திரையில் கரிஸ்மாவை (பேச்சு வசீகரம்) 8-ல் விட்டிருப்பார்கள். கதையும் எண்ணும் ஒன்றையொன்று பார்க்காமல் நிற்கின்றன.

கணக்கைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு 15 எடுக்க வேண்டும் என்று வையுங்கள். கரிஸ்மா 8 என்றால் கையில் இருப்பது -1. இருபது முக டைஸில் 16 அல்லது அதற்கு மேல் விழுந்தால்தான் உண்டு. அதாவது 25 சதவீதம். கரிஸ்மா 16, கூடவே பர்சுவேஷனில் (இணங்க வைக்கும் பேச்சு) பயிற்சி என்றால் முதல் லெவலிலேயே +3, +2, ஆக +5. பத்து விழுந்தால் போதும், 55 சதவீதம். டைஸ் திரையில் கைடன்ஸ் மந்திரத்தையும் சேர்த்தால் நாலு முக டைஸ் ஒன்று கூடுகிறது. சராசரியாக 67 சதவீதத்தைத் தாண்டும். பார்டுக்கு மூன்றாவது லெவலில் எக்ஸ்பர்டீஸ் கிடைக்கும்போது பயிற்சிக்கான எண் இரண்டு மடங்கு. கைடன்ஸ் உங்களிடமே இருக்க வேண்டும் என்பதில்லை. ஷேடோஹார்ட் மாதிரி கிளெரிக் ஒருத்தர் பக்கத்தில் நின்றால், அந்தத் திரையிலேயே அவர் மந்திரத்தை எடுத்துப் போட முடியும்.

ஒன்று நினைவில் இருக்கட்டும். இந்த ஆட்டத்தில் 1 விழுந்தால் எவ்வளவு கூட்டல் இருந்தாலும் தோல்விதான். 20 விழுந்தால் வெற்றி. எந்தப் பில்டும் உங்களை முழுசாகக் காப்பாற்றாது.

தொடக்கத்தில் பங்கிடக் கிடைப்பது 27 புள்ளி, மேலே +2-ம் +1-ம். பக்கப்பாட்டுக்காரனுக்கு நான் போட்டது: கரிஸ்மா 17, டெக்ஸ்டெரிட்டி 16, கான்ஸ்டிட்யூஷன் 14, விஸ்டம் 10, ஸ்ட்ரெங்த் 8, இன்டெலிஜென்ஸ் 8. கடைசி இரண்டு எட்டையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். இன்டெலிஜென்ஸ் 8 என்றால் பழைய கல்வெட்டையோ மந்திரப் பொருளையோ பார்த்து அவனால் பெரிதாக எதுவும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இடத்தில் கூட வரும் மந்திரவாதி கேல் விளக்கட்டும். கேலுக்கு விளக்குவதில் ஆனந்தம், அவனுக்குக் கேட்டுக்கொள்வது பழக்கம். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு உறவு அதிலேயே வந்துவிடுகிறது. எல்லா எண்ணையும் 12, 13 என்று சமமாகப் பரப்பி வைத்தால் இந்த மாதிரி எதுவும் நடக்காது.

பேக்ரவுண்டு தரும் பயிற்சியையும் பாருங்கள். நோபிள், கில்டு ஆர்டிசன் இரண்டும் பர்சுவேஷன் தரும். சார்லட்டன், கிரிமினல் பொய் சொல்ல உதவும். சோல்ஜருக்கு மிரட்டல் வரும். ஃபோக் ஹீரோ விலங்குகளோடும் காட்டோடும் பழகியவன், ஆகவே பேச்சில் அவனுக்குத் தனி உதவி இல்லை. உங்கள் ஆள் எந்த வழியில் காரியம் சாதிப்பான், கெஞ்சியா, புளுகியா, அதட்டியா என்று முடிவு செய்துவிட்டு அதில் ஒன்றை மட்டும் வளர்த்துவிடுங்கள். மூன்றிலும் கெட்டிக்காரனாக இருப்பவனுக்குக் குணம் என்று ஒன்று படியாது.

"பேசுற நேரத்துல வேற ஆள் முன்னால போய் நிக்கான்"

உரையாடல் தொடங்கும்போது நீங்கள் யாரை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்களோ அவர்தான் பேச்சாளர். தொடங்கிய பிறகு மாற்ற முடியாது. பூட்டை உடைக்க அஸ்டேரியனை முன்னால் அனுப்பி, கதவைத் திறந்ததும் உள்ளே இருப்பவர் பேச ஆரம்பித்துவிட்டால், அந்தக் காட்சி முழுக்க அஸ்டேரியன் வாயில்தான். பூட்டு திறந்தவுடன் உங்கள் ஆளுக்கு மாறி, அவனை முதலில் உள்ளே நுழைய விடுங்கள். வேலை இவ்வளவுதான்.

"தோத்தா மனசு கேக்காம எஃப்8 அமுக்கிருதேன்"

எஃப்8 என்றால் கடைசியாகச் சேவ் செய்த இடத்துக்குத் திரும்பிப் போவது. முதல் ஆக்டின் (கதையின் முதல் பாகம்) ஒரு காட்சியைச் சொல்லப் போகிறேன். ட்ரூயிட்கள் (இயற்கையைக் காக்கும் மந்திரக்காரர்கள்) இருக்கும் தோப்புக்குள் இன்னும் போகாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடுங்கள்.

சிலையைத் திருடியதாக ஒரு சிறுமியை ககா என்ற ட்ரூயிட் பிடித்து வைத்திருக்கிறாள். பாம்பு ஒன்று சிறுமிக்கு முன்னால் படமெடுத்து நிற்கிறது. நீங்கள் பேசித்தான் அவளை மீட்க வேண்டும். டைஸ் உருளும். சரிந்தால் சிறுமி ஓடப் பார்ப்பாள், பாம்பு கொத்திவிடும். அவ்வளவு சீக்கிரம் நடந்து முடிந்துவிடும் அது. கை தானாக எஃப்8-க்குப் போவது இயற்கை.

அமுக்காமல் இருந்து பாருங்கள். வெளியே அந்தப் பெண்ணின் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் உங்கள் ஆள் எப்படி விழிப்பான்? ககா தன்னைவிடப் பெரிய இடத்தில் இருக்கிறவள் என்பதால் பக்கப்பாட்டுக்காரன் குரலைத் தாழ்த்திப் பேசினான் என்று வையுங்கள். இனி அவன் எந்தப் பெரியவருக்கு முன்னாலும் குரல் தாழ்த்துவானா? நான் மேலே சொன்ன பூணூல் அறுபடும் இடம் இதுவாகவும் இருக்கலாம். டைஸ் ஜெயித்திருந்தால் அவனுக்கு அந்த இடம் கிடைத்திருக்காது.

இந்த ஆட்டத்திலேயே அடக்கமான மாற்று ஒன்று இருக்கிறது: இன்ஸ்பிரேஷன். உங்கள் ஆளோ கூட வருகிறவர்களோ தங்கள் பேக்ரவுண்டுக்குப் பொருத்தமான காரியம் ஒன்றைச் செய்தால் ஒரு புள்ளி கிடைக்கும். நான்கு வரை சேர்த்து வைக்கலாம். தோற்ற டைஸை மறுபடி உருட்ட ஒரு புள்ளி செலவு. உயிர் போகும் இடத்தில் அதைச் செலவழியுங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

திரும்ப லோடு செய்ய எனக்கு நான் விதித்துக்கொண்ட அனுமதி மூன்று: எல்லோரும் செத்துவிட்டால், ஆங்கிலத்தைத் தப்பாகப் புரிந்து தப்பான பதிலை அமுக்கியிருந்தால், கரண்ட் போய்விட்டால். ஐப்பசி, கார்த்திகையில் இடிமழை பிடித்தால் நம் பக்கம் மூன்றாவது அடிக்கடி வரும். அதனால் எஃப்5 அமுக்கி சேவ் செய்வதை மட்டும் விடாதீர்கள்.

"கூட வர்றவங்க யாரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்காங்க"

நீங்கள் தூங்கவில்லை. இந்தப் புகாரோடு வருகிறவர்களில் அநேகருக்கு இதுதான் காரணம்.

மூளைக்குள் புழு இருக்கிறது, சீக்கிரம் வைத்தியம் பார்க்காவிட்டால் உருமாறிவிடுவீர்கள் என்று ஆட்டம் முதல் நிமிடத்திலேயே பயமுறுத்துகிறது. அதை நம்பி லாங் ரெஸ்ட் (கேம்பில் ராத்திரித் தூக்கம்) எடுக்காமல் ஓடுகிறார்கள். உண்மையில் பெரும்பாலான இடங்களில் அப்படி நாள் கணக்கு ஓடுவதில்லை. தீப்பிடித்து எரியும் விடுதி மாதிரி, கண்முன்னே ஆபத்து நடக்கிற சில இடங்கள்தான் விலக்கு. அங்கே வேலையை முடித்துவிட்டுத் தூங்குங்கள். கேம்பில் நடக்கும் காட்சிகள் ராத்திரிக்கு ஒன்று என்கிற கணக்கில் வரிசையில் நிற்கின்றன. நீங்கள் தூங்கத் தூங்கத்தான் வரிசை நகரும். ரொம்ப நாள் தள்ளிப் போட்டால் சில காட்சிகள் வராமலே போய்விடும்.

சாதாரண நிலையில் முழு ரெஸ்டுக்கு 40 கேம்ப் சப்ளை வேண்டும், கடினமான டாக்டிஷியன் நிலையில் 80. பெட்டி, பீப்பாய் எதைப் பார்த்தாலும் திறந்து சாப்பாட்டை அள்ளி கேம்புக்கு அனுப்பிவிடுங்கள், தட்டுப்பாடே வராது. தூங்கும் முன் ஒவ்வொருத்தரிடமும் ஒரு சுற்றுப் போய்ப் பேசுங்கள். தலைக்கு மேலே ஆச்சரியக்குறி இருந்தால் புதிதாகச் சொல்ல ஏதோ இருக்கிறது என்று பொருள்.

"நான் எழுதுன பழைய கதை ஆட்டத்துல எங்கயும் வரல"

வராது. நீங்களாகக் கட்டிய ஆளின் கடந்த காலம் ஆட்டத்துக்குத் தெரியாது. இனம், கிளாஸ், பேக்ரவுண்டு மூன்றுக்கு மட்டும்தான் அது பதில் பேசும். கடந்த காலமும் ஆட்டத்தின் கதைக்குள் வந்தே ஆக வேண்டும் என்றால் கடந்த காலம் ஏற்கெனவே எழுதப்பட்ட டார்க் அர்ஜ் என்ற ஆளை எடுங்கள். முகம், இனம், கிளாஸ் எல்லாம் நீங்கள் மாற்றலாம், பேக்ரவுண்டு மட்டும் ஹான்டட் ஒன் என்று நிலையாக இருக்கும். ரத்தம் அதிகம், இளகிய மனசுக்காரர்கள் யோசித்து எடுக்கவும். இதற்கு மேல் சொன்னால் கதையைக் கெடுத்தவனாவேன்.

"வாயாடி ஆளுண்ணே, சண்டைல ரெண்டு அடிக்குத் தாங்க மாட்டேங்கான்"

பின்னால் நிற்க வையுங்கள். அடிதடிக்கு லாஜெலும் கார்லாக்கும் இருக்கிறார்கள். பார்டாக இருந்தால் அவர்களுக்கு உற்சாகம் ஏற்றி டைஸ் கொடுங்கள். கான்ஸ்டிட்யூஷனை 14-க்குக் கீழே இறக்காதீர்கள். அப்படியும் முடியவில்லையா, ஆப்ஷன்ஸில் போய் சுலபமான எக்ஸ்ப்ளோரர் நிலைக்கு மாற்றுங்கள். ஹானர் நிலை தவிர மற்றவற்றில் நடு ஆட்டத்திலும் மாற்றலாம். கதைக்காக ஆடுகிறவர் அதற்குத் தயங்க வேண்டிய அவசியமே இல்லை.

"பாலடின் எடுத்தேன், சபதம் முறிஞ்சு போச்சு, பக்கா?"

பக் (ஆட்டத்தின் கோளாறு) இல்லை. பாலடின் என்பவர் சபதத்துக்குக் கட்டுப்பட்ட வீரர். உங்கள் பாலடின் சபதத்துக்கு விரோதமாக ஏதோ செய்திருக்கிறார். கேம்புக்கு ஓத்பிரேக்கர் நைட் வருவார், பேசுங்கள். 1000 பொற்காசு கொடுத்துச் சபதத்தை மீட்கவும் வழி உண்டு. மீட்பதா, முறிந்தவனாகவே நடப்பதா என்பதை உங்கள் மூன்று வரியைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

"இங்கிலீஷ் ஓட்டமா ஓடுது, பாதி புரியல"

தமிழில் வசன எழுத்து கிடையாது, அது பெரிய குறைதான். ஆனால் பதில் தேர்வு செய்யும் திரை உங்களுக்காக எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள். காட்சி முடிந்ததும் ஜர்னலைத் திறந்து பாருங்கள், நடந்தது சுருக்கமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் தமிழ் வழியில் படித்த பையன்கள் இப்படி ஆடியே நன்றாக ஆங்கிலம் வாசிக்கப் பழகியிருப்பதைப் பார்க்கிறேன்.

"ஸ்கைரிம்ல எந்த ஆளைத் தொடங்குனாலும் கடைசில ஒளிஞ்சு நின்னு அம்பு விடுறவனா ஆயிருதான்"

2011-ல் வந்த அந்த ஆட்டத்தில் கிளாஸே கிடையாது. எதைச் செய்கிறீர்களோ அது வளரும். ஒளிந்து அம்பு விடுவது சுலபமாக வேலை செய்கிறது, அதனால் எல்லோரும் அங்கே போய்ச் சேருகிறார்கள். வில்லைத் தொடாதீர்கள். பையில் இருந்தால் விற்றுவிடுங்கள். "முடியவே முடியாது" என்ற மூன்றாவது வரி இந்த ஆட்டத்துக்குத்தான் இன்னும் அவசரமாக வேண்டும். அங்கே ஆட்டம் உங்களை எதிலிருந்தும் தடுப்பதில்லை.

"ஆள் பாதியில மாறிட்டான், தொடக்கத்துல எழுதுனதுக்கும் இப்பத்துக்கும் சம்பந்தமே இல்ல"

நல்லது, இதற்காகத்தான் இவ்வளவும். மூன்று வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். பழைய தாளை வைத்திருங்கள். அவன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு அதுதான் சாட்சி.

எண்ணும் கூடவே மாற வேண்டும். பெரியவர்கள் முன் வாய் திறக்காதவன் இப்போது அதட்டுகிறான் என்றால் பர்சுவேஷனில் இருந்த பயிற்சி மிரட்டலுக்கு நகரட்டும். கேம்பில் விதர்ஸ் என்ற எலும்புக் கிழவர் 100 பொற்காசுக்கு கிளாஸ், எண்கள், நீங்களாகத் தேர்ந்த பயிற்சிகள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றித் தருவார். பாழடைந்த கல்லறைக்குள் அவரைக் கண்டுபிடிக்காமல் தாண்டிப் போயிருந்தாலும், பிறகு அவரே கேம்புக்கு வந்துவிடுவார். இனத்தையும் பேக்ரவுண்டையும் மட்டும் அவராலும் மாற்ற முடியாது. பக்கப்பாட்டுக்காரன் கடைசி ஆக்டில் யாருக்கும் ஆமா போடாதவனாக நின்றாலும், அவன் தாளில் என்டர்டெய்னர் என்றுதான் இருக்கும். அந்தப் பேக்ரவுண்டுக்கு உரிய காரியம் ஏதாவது செய்தால் இன்ஸ்பிரேஷன் புள்ளியும் வந்துகொண்டேதான் இருக்கும்.